சாயவேர்: அசலைத் தோண்டாமல் வட்டியை எடுப்போம்



குழுவில் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம். அசலில் கை வைத்தால் குழு நிலைக்காது. பத்துப் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கணக்கை நம்ம மணலில் முளைக்கும் ஒரு செடிக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

மலைப்பக்கம் கொடைக்கானல், நீலகிரியில் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு ஸ்ட்ராபெரி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். அதற்குக் குளிர் வேண்டும். மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் நம்ம கரையின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்காது. நம்ம மணலுக்கு என்று இயற்கை கொடுத்த சின்னச் செடிகள் வேறு. அதில் ஒன்றுதான் சாயவேர். வைத்தியர்கள் இதை இம்பூறல் என்பார்கள். சிறுவேர் என்றும் பெயர் உண்டு. பழைய ஆங்கிலச் செடி நூல்களில் இதற்கு ‘ராமேஸ்வரம் வேர்’ என்று கூட ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பெயரையே சுமந்த செடி, நமக்கே அடையாளம் தெரியாமல் காலடியில் மிதிபடுகிறது.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து மணலோடு ஒட்டிப் படரும். இலை ஊசி மாதிரி மெல்லியது. கணுவில் எதிரெதிராகவும் கொத்தாகவும் இருக்கும். பூ வெள்ளை, கடுகளவுதான். ஒரு காம்பின் நுனியில் குடைக்கம்பி விரிந்த மாதிரி நாலைந்து பூ சேர்ந்து நிற்கும். காய் அதைவிடச் சின்னது. விதையோ மணல் துகளோடு கலந்தால் பிரிக்க முடியாத அளவு பொடி.

மேலே இவ்வளவு சிறிய செடிக்குக் கீழே வேர் மட்டும் நீளம். பென்சிலைவிட மெல்லியதாக, ஆரஞ்சு நிறத்தோலோடு, ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கும். பயிர் செய்த இடங்களில் ஓர் அடி முதல் இரண்டு அடி வரை போகும்.

பற்படாகம் போன்ற வேறு சில செடிகளும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. ஒரே ஒரு செடியின் வேர்த்தோலை நகத்தால் கொஞ்சம் சுரண்டிச் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாக இருந்தது சிவந்து ஊதாவாக மாறினால் அது சாயவேர். சோதனைக்கு ஒரு செடி போதும். நாலு பேர் நாலு செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

குடும்ப உறவு சொன்னால் இன்னும் எளிதாக நினைவில் நிற்கும். மஞ்சணத்தி என்கிற நுணா, வாசலில் வைக்கும் இட்லிப்பூ, மலையில் விளையும் காபி, மருந்துக்கடையில் விற்கும் மஞ்சிட்டி எல்லாம் இதன் சொந்தபந்தங்கள். நுணா வேரிலும் மஞ்சிட்டியிலும் கூடச் சாயம் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

வேரில் அப்படி என்ன இருக்கிறது?

வேரின் நடுக்கட்டை வெள்ளை. அதில் சாயம் இல்லை. மேல்தோலில்தான் எல்லாம். அதில் உள்ள முக்கியமான நிறப்பொருளின் பெயர் அலிசரின். இதைத் தனியாகத் துணியில் தடவினால் ஒட்டாது. ஒரு தண்ணீருக்குப் போய்விடும். படிகாரத்தில் நனைத்த துணியில் பட்டால் நூலோடு பிணைந்து நல்ல சிவப்பாகிவிடும். படிகாரத்துக்குப் பதில் இரும்பு சேர்ந்தால் ஊதா, கறுப்பு என்று மாறும். ஒரே வேரில் இரண்டு மூன்று நிறம் எடுக்கும் வித்தை இதுதான்.

அந்தக் காலத்தில் நம்ம கரையின் பெருமை

சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிக்கும் நூலுக்கும் உலகம் முழுக்கக் கிராக்கி இருந்தது. 1560களில் இந்தியா வந்த வெனிஸ் நகர வியாபாரி சேசரே ஃபெதரிச்சி, மயிலாப்பூர் சாந்தோம் துறையிலிருந்து பர்மாவின் பெகு நாட்டுக்குக் கப்பலில் போன சிவப்பு நூலைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘சாயா’ என்ற வேரில் தோய்த்தது என்றும், அந்த நிறம் போகவே போகாது என்றும் ஆச்சரியப்பட்டு எழுதினார். துவைக்கத் துவைக்கத் துணி வெளுக்கும் என்றுதான் அவர்கள் ஊரில் பழக்கம்!

கேர்டூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742ல் நம்ம பக்கத்துச் சாயக்காரர்களிடம் கேட்டுக்கேட்டு, கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் என்று வரிசையாகச் செய்முறை முழுவதையும் தன் நாட்டுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பிய ஆலைக்காரர்களுக்கு அந்தச் செய்முறை அவ்வளவு தேவைப்பட்டது. கம்பெனியில் மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1795 முதல் வெளிவந்த தன் சோழமண்டலக் கரைச் செடிகள் நூலில் இந்தச் செடியைப் படத்தோடு சேர்த்தார்.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மணலில் தானாக முளைத்த வேரில் சாயம் கூடுதல், வயலில் பயிர் செய்த வேரில் கொஞ்சம் குறைவு என்பது அன்றைய சாயக்காரர்களின் கணிப்பு. அதனால் காட்டுச் செடிக்குத்தான் மதிப்பு அதிகம். மதிப்பு அதிகம் என்றால் தோண்டுவதும் அதிகம்!

வேர் யாருடையது? விலை யாருடையது?

நமக்கு நேரெதிரே கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதே வேர் தோண்டினார்கள். டச்சுக்காரர் காலத்திலும், அதற்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க வருடங்களிலும் வேர் வியாபாரம் முழுக்க அரசாங்கத்தின் கையில். குறிப்பிட்ட மக்கள் மட்டும்தான் தோண்ட வேண்டும். தோண்டியதை அரசாங்கத்துக்கே கொடுக்க வேண்டும். விலையையும் அரசாங்கமே வைக்கும். தோண்டியவர்களுக்குக் கொடுத்த விலைக்கும் ஏற்றுமதிக்கு விற்ற விலைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

வெயிலில் குனிந்து தோண்டியவர்கள் ஒரு பக்கம், எடை போட்டவர்கள் இன்னொரு பக்கம். லாபம் எடை போட்ட பக்கமே போனது. கருவாடு, பனைவெல்லம், மிளகாய் விற்கப் போகும் நமக்கு இந்தக் கதை புதுசா என்ன?

எப்படி மறைந்தது?

1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியல் அறிஞர்கள் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அலிசரினைச் செய்துவிட்டார்கள். அடுத்த வருடம், 1869 ஜூன் மாதம், அதை மலிவாகச் செய்யும் முறைக்கு அவர்கள் தரப்பும் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கினும் ஒரே ஒரு நாள் இடைவெளியில் உரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதற்குப் பிறகு ஆலை அலிசரின் டப்பாவில் அடைத்து வந்து இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு வேலை போனது. வேர் தோண்டியவர்கள் பிழைப்பு தேடி வேறு வழி பார்த்தார்கள்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேரில் உள்ள அலிசரினும் ஆலையில் செய்த அலிசரினும் ஒரே பொருள்தான். அதனால் ‘வேர்ச்சாயம் என்றால் அற்புதம்’ என்று யாராவது மிகைப்படுத்திப் பேசினால் நம்பிவிட வேண்டாம். வேரில் அலிசரினோடு வேறு நிறப்பொருள்களும் சேர்ந்திருப்பதால் சிவப்பில் ஒரு தனி ஆழம் கிடைக்கும். கைவேலைக்கு உள்ள மதிப்பும் சேரும். அவ்வளவுதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஆலைச் சாயங்களில் வேறு சிலவகை, அசோ சாயம் என்பவை, உடம்புக்குத் தீங்கு செய்யும் என்று தெரிந்தது. 1990களில் ஜெர்மனி அவற்றில் சிலவற்றைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 1997ல் தடை வந்தது. அதிலிருந்து செடிச்சாயத் துணிக்கு மறுபடியும் ஒரு சின்னச் சந்தை உருவாகியிருக்கிறது. கண்காட்சிகளில் இயற்கைச் சாயச் சேலை நல்ல விலைக்குப் போவதை நம்ம உறுப்பினர்களே பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் பரமக்குடியும் எமனேஸ்வரமும் தறி ஓடும் ஊர்கள். இங்கே மணலில் வேர், அங்கே தறியில் சேலை.

சரி, நாளைக்கே ஒருவர் வண்டியில் வந்து, ‘கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன், எவ்வளவு வேர் இருந்தாலும் கொண்டு வாங்க’ என்றால் என்ன செய்வோம்? வேலை இல்லாத மாதமாக இருந்தால் கடப்பாரையும் சாக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். யாரையும் குறை சொல்ல முடியாது. பசி பெரிசு. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு செடியின் வேர் காய்ந்த பிறகு 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 500 செடி. ஒரு குழுவில் 15 பேர், ஆளுக்கு 2 கிலோ என்றால் 30 கிலோ. அதாவது 15,000 செடி! ஒரு ஊர் மணலில் அத்தனை இருக்குமா? இருந்தாலும் அடுத்த வருடம் என்ன இருக்கும்?

பாசிக்கு ஒரு கணக்கு, வேருக்கு ஒரு கணக்கு

கடலில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் சகோதரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாசியை மேலாகப் பறித்து அடியை விட்டுவிட்டால் அது மறுபடி தளிர்க்கும். அடி அசல், தளிர் வட்டி. இதைத் தெரிந்துதான் பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்கள் தாங்களே கூடிப்பேசி விதி வைத்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டக் கூடாது, இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களை முன்நின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. மேலிருந்து வந்த உத்தரவு இல்லை அது. கடலை நம்பிப் பிழைக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட தீர்மானம்.

சாயவேருக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. ஏன் என்றால் இங்கே விற்கும் பொருளே வேர். வேரை எடுத்தால் செடி போச்சு. வட்டி என்று தனியாக எதுவும் இல்லை. தோண்டுவது முழுக்க அசல். அப்படியானால் இதில் வட்டி எது? விதைதான் வட்டி. விதையை எடுத்து நம்ம இடத்தில் வளர்த்து, அந்த வேரை மட்டும் விற்றால் மணலில் உள்ள தாய்ச்செடிகள் அசலாக அப்படியே நிற்கும்.

மணலைக் காப்பதும் இதில் அடங்கும். கரையில் அடப்பன்கொடி, ராவணன் மீசை, அவற்றின் பின்னால் சாயவேர் மாதிரிச் சின்னச் செடிகள் என்று எல்லாம் சேர்ந்துதான் மணல்மேட்டைக் கட்டிப்பிடித்து வைக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வளவு பெரிய புயலை ஒரு சாண் செடி தடுத்துவிடாது. ஆனால் நாள்தோறும் அடிக்கும் காற்றில் மணல் பறந்து வீட்டையும் கிணற்றையும் மூடாமல் இருப்பதில் இந்தச் செடிகளுக்குப் பங்கு உண்டு. குழி குழியாகத் தோண்டிப் போட்டால் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வளர்க்கும் முறை

1. முதலில் உங்கள் ஊரில் செடி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று நாலைந்து பேர் சேர்ந்து நடந்து எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

2. காய் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றாது. விதையைத் தனியாகப் பொறுக்குவது நடக்காத காரியம். காய் உதிர்ந்த பிறகு செடியைச் சுற்றியுள்ள மேல் மணலை ஒரு விரற்கடை ஆழத்துக்கு மெதுவாக அள்ளுங்கள். அந்த மணலில்தான் விதை இருக்கிறது. ஒரு செடிக்குப் பக்கத்தில் பாதி மணலை மட்டும் எடுங்கள். பாதி அங்கேயே முளைக்கட்டும்.

3. மணலை நிழலில் உலர்த்திப் பனை ஓலைப் பெட்டியிலோ மண்பானையிலோ வையுங்கள்.

4. மழைக்காலம் தொடங்கும்போது, களிமண் இல்லாத இளகிய மணற்பாங்கான பாத்தியில் அந்த விதைமணலை மேலாகத் தூவுங்கள். மேலே மண் மூட வேண்டாம். பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்தால் போதும். வாளியோடு ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும்.

5. தொடக்கத்தில் களை முக்கியம். செடி சின்னது என்பதால் புல் அமுக்கிவிடும். களைக்கொத்து போடாமல் கையாலேயே களை எடுங்கள்.

6. வேரில் நல்ல சாயம் ஏற இரண்டு வருடம் ஆகும். முதல் வருடம் பிடுங்கினால் நஷ்டம். அதனால் இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். காய்கறிப் பாத்தி ஓரத்தில், ஒரு சென்ட் அளவில் சோதனையாகச் செய்து பார்க்கலாம்.

7. பிடுங்கும் வருடத்திலும் நாலில் ஒரு பங்கு செடியை விதைக்கு விட்டுவிடுங்கள்.

மண்ணுக்கு ஏற்ற யோசனைக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

ஒரு துண்டுத் துணியில் செய்து பார்ப்போம்

விற்பனை என்று இறங்குவதற்கு முன்னால் சாயம் எப்படி ஏறுகிறது என்று நாமே கண்ணால் பார்ப்பது நல்லது. 100 கிராம் எடையுள்ள கஞ்சி போன பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

• துணியைச் சோப்புப் போட்டு வேகவைத்து அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும்.

• 20 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துங்கள்.

• 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் துணியை ஊறவைத்து மறுபடி உலர்த்துங்கள்.

• காய்ந்த வேரை இடித்து, துணியின் எடைக்குச் சமமாக எடுத்து, முதல்நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் துணியைப் போட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். கிண்டிக்கொண்டே இருக்கணும்.

• எவர்சில்வர் அல்லது மண்பானை நல்லது. இரும்புச்சட்டி கூடாது, சிவப்பு கறுத்துவிடும்.

• சுண்ணாம்புச் சத்து உள்ள கிணற்றுத் தண்ணீர் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கும். ‘எங்க ஊர்த் தண்ணி உப்பு’ என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். இந்த வேலைக்கு மட்டும் கடினத் தண்ணீர் தோழிதான்.

படிகாரத் தண்ணீரைக் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். சாயத்துக்கு வைத்த பாத்திரத்தில் சோறு பொங்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

சித்த வைத்தியத்தில் இம்பூறலை இருமல், ஈளை, இரத்த வாந்திக்குச் சொல்வார்கள். அதைக் கேட்டு நாமே அரைத்துக் குடிப்பது ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் அது காசநோயாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு சித்த மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே இறங்கிச் செடி எடுப்பது குற்றம். வனத்துறை நிலத்திலும் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது.

2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊரில் உள்ள செடி, கொடி, மீன், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்த விவரம் எல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். காட்டுச் செடிகளை வணிகத்துக்கு எடுக்கும் கம்பெனிகள் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்கவும், பயனில் ஒரு பங்கு கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் வண்டியில் வந்து கேட்பவரிடம், ‘யாருக்காக வாங்குறீங்க? வாரியத்தில் தெரிவிச்சாச்சா?’ என்று கேட்பது நமது உரிமை. கிராமசபையில் நம்ம ஊர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சாயவேர் இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். வயதான பாட்டிமார்களுக்குத் தெரிந்த பெயரும் உபயோகமும் அவர்கள் இருக்கும்போதே ஏட்டில் ஏறட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம்ம ஊரில் சாயவேர் இருக்கிறதா? எந்த இடத்தில்? முன்பு இருந்து இப்போது இல்லாத இடம் எது?

2. யாராவது வேர் கேட்டு வந்தால் தனித்தனியாக விற்பதில்லை, குழுவில் பேசித்தான் முடிவு என்று தீர்மானம் போடலாமா?

3. சோதனைப் பாத்திக்கு யார் வீட்டு இடம் சரியாக இருக்கும்? தண்ணீர் யார் பார்ப்பது? இரண்டு வருடம் பொறுக்க நாம் தயாரா?

4. நம்ம ஊரில் அசலையே எடுத்துச் செலவு செய்யும் வேறு தொழில் எது? மணலா, சங்கா, நிலத்தடித் தண்ணீரா?

நாலாவது கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சாயவேரில் கற்ற கணக்கு அங்கேயும் உதவும். உங்கள் குழுவில் எடுத்த முடிவையும், எண்ணிய செடிகளின் எண்ணிக்கையையும் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். எல்லா ஊர்க் கணக்கும் வந்து சேர்ந்ததும், நம்ம கரையில் எவ்வளவு அசல் மிச்சம் இருக்கிறது என்பதை இதே பக்கத்தில் பட்டியலாகப் போடுகிறோம்.